எறும்புக்கு விளக்கு தெரிகிறதா? பென்சில் ஷேடிங்கில் ஒளியும் நிழலும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பந்து, கோப்பை, மூக்கு என்று எதை வரைந்தாலும் விளிம்பைச் சுற்றிக் கருப்பாக்கி, நடுவில் வெள்ளை விட்டு, விரலால் தேய்த்துவிடுகிறேன். உருண்டையாகத் தெரியாமல் கரி பிடித்த தட்டு மாதிரி இருக்கிறது. எங்கே இருட்டாக்குவது, எங்கே விடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்முன் பொருள் இல்லாமல் மனதிலிருந்து வரையும்போது என்ன செய்வது?"

நீங்கள் செய்வது முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பந்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்; நடுவில் வெளுப்பு, ஓரமெல்லாம் மங்கல். அஜந்தா சுவரோவியங்களில் முகமும் தோளும் திரண்டு நிற்பது ஏறத்தாழ இந்த வழியில்தான். அங்கே விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பேச்சே இல்லை. முன்னால் புடைத்து நிற்பது வெளுப்பு, பின்வாங்குவது கருப்பு, அவ்வளவுதான். சித்திரசூத்திரம் என்ற பழைய ஓவிய நூல் இதற்கு வர்த்தனை என்று பெயர் வைத்து, இலை நரம்பு மாதிரிக் கோடிழுப்பது, புள்ளி வைப்பது என்று வகையும் பிரித்திருக்கிறது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பந்தின் ஓரம் முழுக்க இருட்டாக்கிவிட்டு, தரையில் வலப்பக்கமாக ஒரு நிழலையும் நீட்டிவிடுகிறீர்கள். பந்தைக் கேட்டால் விளக்கு நெற்றியில் என்கிறது, தரையைக் கேட்டால் இடப்பக்கம் என்கிறது. பார்ப்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் கண் ஒப்புக்கொள்ளாது.

அதனால் 'எங்கே இருட்டாக்குவது' என்ற கேள்வியையே கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். எனக்கு ஷேடிங் சொல்லிக்கொடுத்தவர் எல்லாவற்றையும் ஓர் எறும்பை வைத்துத்தான் விளக்குவார். பொருளின் மேல் எறும்பு ஊர்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து விளக்கு தெரிகிறதா? தெரிந்தால், தலைக்கு நேர் மேலே தெரிகிறதா, சாய்ந்து தெரிகிறதா? இந்த இரண்டைத் தவிர அவர் வேறெதுவும் கேட்டதில்லை. நானும் இன்றுவரை இந்த எறும்பைக் கைவிடவில்லை.

ஒரு பிங்பாங் பந்தும் மேசை விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பிங்பாங் பந்து ஏன் என்றால், வெள்ளை, பளபளப்பு குறைவு, ஒழுங்கான உருண்டை. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு விளக்கு எரிகிற அறையில் நிழலைப் படிப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்பது மாதிரி. விளக்கைப் பந்துக்கு இடப்புறம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் உங்கள் பக்கமாக, இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். ரொம்பக் கிட்டே வேண்டாம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்; விளக்கு பக்கத்திலேயே இருந்தால் இந்தக் கணக்கும் குறுக்கே வந்து குழப்பும்.

இப்போது பந்தில் விளக்கை நேராகப் பார்த்திருக்கும் இடத்தில் எறும்பை விடுங்கள். அதற்கு உச்சிவெயில். அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் விளக்கு சாய ஆரம்பிக்கும். நடக்க நடக்கச் சாய்ந்து, ஓரிடத்தில் அடிவானத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இன்னும் ஓரடி வைத்தால் அஸ்தமனம். அதற்கப்பால் பந்தின் மறுபாதி முழுக்க இரவு. விளக்கு மறையும் அந்த எல்லையை நான் அந்திக்கோடு என்று சொல்லிக்கொள்வேன். அது பந்தைச் சுற்றி ஓடுகிற ஒரு வட்டம். பக்கவாட்டிலிருந்து பார்க்கிற நமக்கு அதில் பாதிதான் தெரியும், அதுவும் வளைந்த பிறை விளிம்பாக. பந்தின் வெளிக்கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இதுவரை இருட்டாக்கியதெல்லாம் வெளிக்கோட்டை ஒட்டி. இருட்டு தொடங்க வேண்டிய இடமோ பந்தின் உடம்புக்குக் குறுக்கே ஓடுகிறது.

விளக்கு சாயச் சாய வெளிச்சம் எவ்வளவு குறையும் என்பதற்கு யோஹான் ஹைன்ரிக் லாம்பெர்ட் என்ற கணித அறிஞர் 1760லேயே கணக்கு எழுதி வைத்துவிட்டார். சாய்கோணத்தின் கொசைன்தான் அளவு. உச்சியில் 100 என்றால் 30 டிகிரி சாய்ந்த இடத்தில் 87, 60 டிகிரியில் 50, 80 டிகிரியில் 17, 90 டிகிரியில் பூஜ்யம். ஓவியருக்கு எதற்குக் கொசைன் என்று கேட்காதீர்கள், இதில்தான் ஷேடிங்கின் பாதி ரகசியம் இருக்கிறது. உச்சியிலிருந்து அந்திவரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு நடந்தும் எறும்பு இழந்தது வெறும் 13. கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் மிச்சமிருந்த 50ம் போகிறது.

இதன் மேல் கண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சத்தைப் பாதியாக்கினால் கண் அதைப் பாதி இருட்டு என்று எடுத்துக்கொள்ளாது. வெள்ளையில் ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 18, 20 சதவீதத்துக்கு இறங்கினால்தான் நமக்கு 'நடுச்சாம்பல்' என்றே தோன்றும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வெளிச்சப் பக்கம் நெடுந்தூரம் வெளுப்பாகவே போய், அந்திக்குச் சற்று முன்னால் மளமளவென்று விழுகிறது. பழகாத கை இதற்கு நேர்மாறாக, வெள்ளையிலிருந்து கருப்புக்குப் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்கும். அதனால் வெளிச்சப் பக்கம் முழுக்கச் சாம்பல் படிந்து, வெள்ளைப் பந்து அழுக்குப் பந்தாகிவிடுகிறது. 'நான் நன்றாகத்தானே கலந்தேன்' என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் கலந்தது அதிகமாகித்தான் கெட்டிருக்கும்.

ஆகையால் முதல் வேலை கலப்பது அல்ல, பிரிப்பது. அந்திக்கோட்டை மெல்லிய கோடாக வரைந்து, இரவுப் பகுதி முழுவதையும் ஒரே சாம்பலால் தட்டையாக நிரப்புங்கள். வெளிச்சப் பகுதியில் கை வைக்காதீர்கள். தரையில் விழும் நிழலையும் அதே சாம்பலால் நிரப்புங்கள். இரண்டே டோன்: தாளின் வெள்ளை, ஒரு சாம்பல். இந்த நிலையிலேயே மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பந்து உருண்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்திக்கோட்டின் வளைவில் தப்பு. எத்தனை பென்சில் மாற்றித் தேய்த்தாலும் அது சரியாகாது. தெரிந்துவிட்டால் மீதி வேலை மெருகு. அந்த மெருகுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொருள் முழுக்க ஒரே நிறமாக இருக்கும்வரை, பகலில் இருக்கிற மிகக் கருத்த இடம்கூட இரவில் இருக்கிற மிக வெளுத்த இடத்தைவிட வெளுப்பாகவே இருக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டிவிட்டால் படம் தட்டையாவதை யாராலும் தடுக்க முடியாது.

அந்திக்கோட்டுக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு நிலாவைவிட நல்ல சாட்சி கிடையாது. பௌர்ணமி நிலா வெறும் தட்டாகத் தெரியும். வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து போகிறது, நிலாவின் தூசிப் பரப்பு வந்த வழியே ஒளியைத் திருப்பியும் விடுகிறது. அதனால் ஓரம்கூட மங்குவதில்லை. அரைநிலா அன்று பார்த்தால் உருண்டை. 1609 ஜூலையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற வானியல் ஆய்வாளர் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்துப் படம் போட்டார். கோணல்மாணலான ஒரு எல்லைக்கோடு, சில கறைகள், அவ்வளவுதான். அதே ஆண்டு கடைசியில் கலிலியோ பார்த்தார். அவர் ஓவியப் பயிற்சி உள்ளவர். 1613இல் ஃப்ளாரன்சின் ஓவியக் கழகத்தில் உறுப்பினராகவும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னும் புள்ளிகளைப் பார்த்ததும், விடியற்காலையில் பள்ளத்தாக்கில் படுவதற்கு முன்பே மலையுச்சியில் வெயில் படுவது மாதிரிதான் இது என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நிலாவில் மலை உண்டு என்று 1610இல் அச்சிட்டார். கலிலியோவின் புத்தகம் வந்த பிறகு ஹாரியட்டின் படங்களிலும் பள்ளங்கள் தோன்ற ஆரம்பித்தன. நிழலை வாசிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் மலை முதலில் தெரிந்தது.

சரி, பந்துக்குத் திரும்புவோம். இரவுப் பக்கத்தை உற்றுப் பார்த்தால் அது ஒரே கருப்பாக இல்லை. அந்திக்கோட்டை ஒட்டி ஒரு கரும்பட்டை, அதற்குக் கீழே, மேசையை நெருங்கும் வயிற்றுப் பகுதியில் லேசாக ஒரு வெளுப்பு. இரவில் நடக்கிற எறும்புக்கு விளக்கு தெரியாவிட்டாலும் கீழே வெளிச்சம் வாங்கிய மேசை தெரிகிறதே, அந்த எதிரொளிதான் இது. மேசையில் வெள்ளைத் தாளை விரித்தால் எதிரொளி ஏறும், கறுப்புத் துணியை விரித்தால் வயிறு அப்படியே அணைந்துபோகும். விளக்கையும் பந்தையும் தொடாமல் தாளையும் துணியையும் மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லித்தரும்.

எதிரொளியைக் கண்டுபிடித்த புதிதில் எல்லோரும் அதில் மயங்கிவிடுவார்கள். நானும்தான். ஒரு ஆண்டு முழுக்க நான் வரைந்த பழமும் பானையும் எல்லாம் எவர்சில்வரில் செய்தது மாதிரி இருந்தன. சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, பந்துக்குள்ள பல்பு எரியுதா?" என்றார். எதிரொளி பக்கத்துக் கரும்பட்டையோடு ஒப்பிடும்போதுதான் வெளுப்பு. கருப்பை ஒட்டி நிற்கிற எதையும் கண் கூடுதல் வெளுப்பாகக் காட்டும்; அதை நம்பி ரப்பரை எடுத்தால் இரவுக்குள் பகல் புகுந்துவிடும். கண்ணைச் சுருக்கி, இமை மயிருக்கு ஊடாகப் பாருங்கள். எதிரொளி இருட்டோடு கலந்து காணாமல் போனால் சரியான அளவு. சுருக்கிப் பார்த்தும் பளிச்சென்று நிற்கிறது என்றால் ஒரு கை இருட்டாக்குங்கள்.

படத்திலேயே மிகக் கருப்பான இடம் அந்திப் பட்டை அல்ல, பந்து மேசையைத் தொடும் இடுக்கு. அங்கே மாட்டிக்கொண்ட எறும்புக்கு விளக்கும் இல்லை, மேசையின் வெளிச்சமும் இல்லை, சுவரும் இல்லை. எந்தப் பக்கமிருந்தும் ஒளி நுழையாத சந்து. தலைமுடிக்கடியில் காது சேரும் இடம், மூடிய உதடுகளின் நடுக்கோடு, சட்டை மடிப்பின் ஆழம் எல்லாம் இதே கதை. 4பி போன்ற மென்மையான, கருமை கூடிய பென்சிலை அழுத்த வேண்டிய இடங்கள் இவை மட்டும்தான். கருப்பைக் கஞ்சன் மாதிரிச் செலவழியுங்கள். மேகம் மூடிய நாளில் அந்திக்கோடே இருக்காது, ஏனென்றால் வானம் முழுக்கவே விளக்கு. அப்போதும் இந்த இடுக்குகள் மட்டும் கருப்பாக இருக்கும். மேகமூட்டத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேற வேண்டும்.

தரையில் விழும் நிழலுக்கு எறும்பை மேசையில் இறக்கிவிடுங்கள். பந்து விளக்கை முழுக்க மறைத்தால் முழு நிழல். விளக்கில் ஒரு பகுதி மட்டும் எட்டிப் பார்த்தால் அரை நிழல். அதனால்தான் நிழலின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பொருளின் அடியில் கத்தி மாதிரிக் கூர்மை, தள்ளிப் போகப் போக மங்கல். சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம்தான். ஆனாலும் ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரைந்திருக்கும். விளிம்பு முழுவதையும் ஸ்கேல் வைத்த மாதிரி வெட்டினால் அது நிழலாகத் தெரியாது, பந்துக்குப் பக்கத்தில் ஒட்டிய கருப்புக் காகிதமாகத் தெரியும். பந்தின் மேலிருக்கும் இரவு எல்லை மெதுவாகத் திரும்புகிற மென்மையான எல்லை, தரையில் விழுவது அடியிலாவது கூரான எல்லை. இரண்டையும் ஒரே மாதிரித் தேய்ப்பதுதான் விரலின் குற்றம்.

விரல் என்றதும் சொல்லிவிடுகிறேன், விரலால் தேய்க்காதீர்கள். தோலின் எண்ணெய் கிராஃபைட்டோடு சேர்ந்து தாளில் இறங்கிவிட்டால் ரப்பர் அதை எடுக்காது. மென்மை வேண்டும் என்றால் பென்சிலைப் பின்னால் பிடித்து, எடையில்லாமல், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். கோடுகள் பொருளின் வளைவோடு சுற்றி வந்தால் பாதி உருண்டை அதிலேயே கிடைத்துவிடும்.

ஹைலைட் பற்றி இன்னும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். இது எறும்பின் கணக்கில் வராது. ஹைலைட் என்பது விளக்கின் பிம்பம். கண்ணாடியில் விளக்கு தெரிகிற மாதிரி, பளபளப்பான பரப்பில் விளக்கின் திசைக்கும் உங்கள் கண்ணின் திசைக்கும் நடுவில் பார்த்திருக்கும் இடத்தில் அது உட்காரும். உங்கள் தலையை அசைத்துப் பாருங்கள். ஹைலைட் பரப்பின் மேல் நகரும், அந்திக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே விளக்கைப் பார்த்திருக்கும் உச்சியிலேயே ஹைலைட் வரவேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் வராது. துணிக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் ஹைலைட் கிடையாது. எல்லாப் பந்துக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பது, எல்லா முகத்துக்கும் ஒரே மூக்கை ஒட்டுவது மாதிரி.

இனி உங்கள் கோப்பை. பெட்டி வடிவம் எளிது: ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு டோன், மூன்று முகத்துக்கு மூன்று. உருளையும் எளிது, அந்திக்கோடு மேலிருந்து கீழாக நேராக ஓடும். கோப்பையில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் உள்பக்கம். இடப்பக்கம் விளக்கு என்றால் வெளிப்பக்கத்தின் இடது பகல், வலது இரவு. பழக்கத்தில் கை உள்ளேயும் இடதை வெளுப்பாக விட்டு வலதைக் கருப்பாக்கிவிடும். எறும்பை உள்ளே இறக்குங்கள். இடது உட்சுவரில் ஒட்டி நிற்கிற எறும்புக்கு அந்தச் சுவரே விளக்கை மறைக்கிறது. எதிரே வலது உட்சுவரின் மேல்பகுதியில் நிற்கிறதுக்கு விளக்கு பளிச்சென்று தெரிகிறது. ஆகவே உள்ளே இடது இருட்டு, வலது வெளிச்சம். வாயின் விளிம்பில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இடது ஓரத்தில் வெளிச்ச வெளிச்சுவருக்குப் பக்கத்தில் இருண்ட உட்சுவர், வலது ஓரத்தில் நேர்மாறு. இதை மட்டும் சரியாகப் போட்டுவிட்டால் கோப்பைக்குள் கை விடலாம் போலிருக்கும். வலது உட்சுவரில் விழும் வாய் விளிம்பின் வளைந்த நிழலையும் விட்டுவிடாதீர்கள், அதன் வளைவுதான் உள்ளே குழிவு என்று சொல்கிறது.

மூக்கும் இதேதான், எறும்பு கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டும். விளக்கு மேலே இருந்தால் மூக்கின் அடிப்பக்கம் கீழே பார்க்கிறது, அதனால் இரவு. மேலுதடு பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் கருப்பு. கீழுதடு மேல்நோக்கி இருக்கும், வெளுப்பு. கீழுதட்டுக்கு அடியில் மறுபடி ஒரு சிறு இரவு. நிறைய பேர் இரண்டு உதட்டையும் சுற்றிக் கோடு போட்டு ஒரே சாம்பலால் நிரப்புகிறார்கள். கீழுதட்டின் அடிநிழலை மட்டும் போட்டு வெளிக்கோட்டை விட்டுப் பாருங்கள், உதடு தானாக வந்துவிடும். கண்ணின் வெள்ளை ஒரு உருண்டை, அதன் மேல் இமையின் நிழல் விழுகிறது. அதைத் தாள் வெள்ளையாக விட்டால் முகம் பேயறைந்த மாதிரி விழிக்கும்.

இதுவரை பொருள் ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டேன். கருப்பு முடி, வெள்ளைச் சட்டை என்று வரும்போது மூளை ஏமாற்ற ஆரம்பிக்கும். 1995இல் எட்வர்ட் ஏடல்சன் என்ற பார்வை ஆய்வாளர் ஒரு சதுரங்கப் பலகைப் படம் செய்தார். பச்சை உருளை ஒன்றின் நிழல் பலகையில் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கருப்பு'க் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் நம்ப மறுக்கும். மூளைக்கு முக்கியம் பொருளின் நிறம்தான். நிழலைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டும். வரைகிறவனுக்கு வேண்டியதோ அது கழித்துவிட்ட அந்த நிழல். இதற்கு ஒரு சின்னக் கருவி: சாம்பல் அட்டையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு ஓட்டையில் வெள்ளைச் சட்டையின் நிழல் மடிப்பையும் இன்னொன்றில் கருப்பு முடியின் வெளிச்சப் பட்டையையும் பிடியுங்கள். சுற்றியிருப்பது மறைந்துவிட்டால் மூளைக்குக் கழிக்க எதுவும் இருக்காது. எது கருப்பு என்பதில் பல தடவை நீங்களே அதிர்ந்துபோவீர்கள். செல்போனில் கருப்புவெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். ஒத்துப் பார்க்கச் சரி, ஆனால் செல்போன் கேமரா நிழலைத் தானாகவே வெளுத்துக் கொடுத்துவிடும், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, தாளில் இருக்கிற இடம் குறைவு. எரிகிற விளக்குக்கும் இருண்ட மூலைக்கும் இடையே இயற்கையில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தாளின் வெள்ளைக்கும் பென்சிலின் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் அதன் கிட்டவே வராது. கிராஃபைட் ரொம்ப அழுத்தினால் கருப்பாவதற்குப் பதில் பளபளக்கவும் செய்யும். எனவே கண்ணால் பார்க்கிற எல்லாப் படிகளையும் காப்பியடிக்க முயலாமல், ஒரு ஐந்து படிகளுக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்: தாள் வெள்ளை, பகலின் லேசான சாம்பல், எதிரொளி, இரவு, இடுக்கு. எல்லாவற்றுக்கும் எச்பி, 2பி, 4பி மூன்றே போதும். பன்னிரண்டு பென்சில் செட் வாங்கினால் கை அடிக்கடி பென்சில் மாற்றிக்கொண்டிருக்கும், கண் பார்க்காது.

மனதிலிருந்து வரைவது கேள்வியின் கடைசிப் பாகம். வரைய ஆரம்பிக்கும் முன் தாளின் மூலையில் விளக்கை ஒரு சின்ன வட்டமாகப் போட்டுவிடுங்கள், திசைக்கு ஒரு அம்புக்குறி. அதைப் போடாமல் பொருளைத் தொடாதீர்கள். பந்து என்றால் விளக்கிலிருந்து பந்தின் மையத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே பந்தைச் சுற்றும் நீள்வட்டம்தான் அந்திக்கோடு. விளக்கு உங்கள் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தால் அந்தக் கோடு உங்களிடமிருந்து விலகிப் பந்தின் ஓரத்தை நோக்கிப் போகும், இரவு மெலிந்த பிறையாகும். விளக்கு பந்துக்குப் பின்னால் போகப் போக இரவு பெருத்து, பகல் பிறையாகும்.

தரை நிழலுக்கு விளக்கின் பாதம் வேண்டும். விளக்கு அந்தரத்தில் இருக்கிறது; அதிலிருந்து தொங்கவிட்ட நூல் தரையைத் தொடும் புள்ளிதான் பாதம். ஒரு குச்சி நட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் பாதத்திலிருந்து குச்சியின் அடி வழியாக ஒரு கோடு, விளக்கிலிருந்து குச்சியின் நுனி வழியாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நிழலின் நுனி. பெட்டிக்கு மூலைக்கு மூலை இதையே செய்து புள்ளிகளைச் சேர்த்துவிடலாம். பந்துக்கும் உள்ளே நாலைந்து குச்சி நட்டதாக நினைத்துக்கொண்டால் நீள்வட்டம் வந்துவிடும். வெளிச்சம் 45 டிகிரியில் இறங்கினால் குச்சியின் உயரமும் நிழலின் நீளமும் சமம். விளக்கு அதைவிட உயர்ந்தால் நிழல் குறுகும், தாழ்ந்தால் நீளும். இந்த ஓர் அளவை நினைவில் வைத்திருந்தால் மற்றதைக் கண்ணளவாகப் போட்டுவிடலாம்.

விளக்கை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் இட மேல்மூலையில் வையுங்கள். வலக்கைக்காரருக்குக் கையின் நிழல் தாளில் விழாது என்பது ஒரு காரணம். மூளையே வெளிச்சம் மேலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதை வெறும் வட்டங்களை வைத்துக் காட்டினார். மேலே வெளுத்து கீழே கருத்த வட்டம் புடைப்பாகத் தெரியும், அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரியும். நிலாப் பள்ளங்களின் போட்டோவைக் கவிழ்த்துப் பிடித்தால் மேடாக மாறுவதும் இதனால்தான்.

அடுத்த முறை பந்து வரைந்து முடித்ததும் இதையே சோதனையாக வையுங்கள். தரை நிழலை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பந்து இருந்த இடத்தில் ஒரு குழி தெரிந்தால் ஷேடிங் சரி. அப்படியும் இப்படியும் தட்டாகவே கிடந்தால், பென்சிலை எடுக்க வேண்டாம். ரப்பரை எடுத்து, அந்திக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பகலில் படிந்திருக்கும் சாம்பலை முதலில் அழியுங்கள்.